‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ 168எஃப், 170எஃப் கார்புரேட்டர்: பவர் வீடருக்கு வாங்கலாமா?

களை கொத்தி மண்ணைக் கிளறும் பெட்ரோல் பவர் வீடருக்கு மாற்று கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) என்று இணையக் கடையில் தேடினால் பெரும்பாலும் ஒரே மாதிரி பொருள்தான் வந்து நிற்கும். விளம்பரத்தில் ‘ஜி.எக்ஸ்.160, ஜி.எக்ஸ்.200, 168எஃப், 170எஃப், 5.5 / 6.5 / 7 எச்.பி. அனைத்துக்கும் பொருந்தும்’ என்று இருக்கும். கார்புரேட்டரோடு இரண்டு மூன்று பேக்கிங், ஒரு பெட்ரோல் பில்டர், ஒரு சாண் டியூப், சிலவற்றில் ஒரு பிளக்கும் வரும். விலை பெரும்பாலும் ஐநூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்குள். இங்கே பார்க்கப்போவது ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் சரக்கை அல்ல, இந்த வகை ‘பொது’ கார்புரேட்டரை.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். 196 சிசி இன்ஜினுக்கு, கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துகொண்டால், கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள். 212 சிசிக்கும் 196 அளவுக் கழுத்து (கார்புரேட்டரில் காற்று போகும் வழி நடுவில் குறுகும் இடம்) உள்ளதைத் தாராளமாகப் போடலாம். 163 சிசிக்கு அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். 270 சிசி, 389 சிசி பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஜெனரேட்டருக்கென்று வரும் கார்புரேட்டரை வீடருக்கும், வீடருடையதை ஜெனரேட்டருக்கும் மாற்றிப் போடுவது வீண்.

பொருந்துவதில் இரண்டு வகை உண்டு. இன்ஜினில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டில் ஏறி உட்காருவது ஒன்று. அந்த இன்ஜின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ற கழுத்து இருப்பது இன்னொன்று. விளம்பரம் உறுதி தருவது முதலாவதற்கு மட்டும்.

இன்ஜின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது

168எஃப் என்பதில் முதல் 1 ஒரே சிலிண்டர் என்பதைக் குறிக்கும். அடுத்த 68 சிலிண்டர் விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றால் குளிரும் இன்ஜின். 168எஃப் இன்ஜினில் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 45 மி.மீ., ஆக 163 சிசி. அதே 68 விட்டத்தில் ஸ்ட்ரோக் 54 ஆனால் 196 சிசி. இது 168எஃப்-2 என்று வரும். ஹோண்டா ஜி.எக்ஸ்.160, ஜி.எக்ஸ்.200 இரண்டுக்கும் இதே அளவுகள்தான். சீன இன்ஜின்கள் அவற்றின் அச்சில் வந்தவை. 170எஃப் என்றால் விட்டம் 70, ஸ்ட்ரோக் 54 அல்லது 55, அதாவது 208 முதல் 212 சிசி. இந்த மூன்றிலும் கார்புரேட்டர் உட்காரும் ஸ்டட் இடைவெளி ஒன்றாக இருப்பதால்தான் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று எழுத முடிகிறது. 177எஃப் (77 × 58, 270 சிசி), 188எஃப் (88 × 64, 389 சிசி) இரண்டும் வேறு உடம்பு, ஸ்டட்டே ஒத்துவராது.

எச்.பி. ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. 196 சிசியிலும் ‘7 எச்.பி.’ ஒட்டியிருக்கிறார்கள், 212 சிசியிலும் ஒட்டியிருக்கிறார்கள். ஹோண்டா தன் ஜி.எக்ஸ்.200க்கு நிமிடத்துக்கு 3,600 சுற்றில் சொல்லும் நிகரத் திறன் 5.5 எச்.பி., ஜி.எக்ஸ்.160க்கு 4.8. ஆகவே எச்.பி. எண்ணை ஒதுக்கிவிட்டு, இன்ஜின் பிளாக்கில் பொறித்திருக்கும் மாடல் எண்ணையும் சிசியையும் பாருங்கள்.

டீசல் பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலையில்லை. அதில் கார்புரேட்டரே கிடையாது, பம்பும் நாசிலும்தான். உட்கார்ந்து ஓட்டும் சிறு டிராக்டர்களும் நம் ஊரில் அநேகமாக டீசல். 2021இல் வந்த ஸ்வராஜ் கோட் போல 389 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ளவை விதிவிலக்கு. அவற்றுக்கு அந்தந்தக் கம்பெனி பாகம்தான் சரி.

கழுத்து எவ்வளவு, ஏன்

கார்புரேட்டரின் உள்ளே நடுவில் குறுகும் பகுதியை வென்சுரி என்கிறோம். காற்று அந்தக் கழுத்தில் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கிறது. கழுத்து பெரிதானால் காற்று தாராளமாகப் போகும், ஆனால் இழுப்பு தளரும். சிறிதானால் இழுப்பு பலமாக இருக்கும், ஆனால் முழு ரேஸில் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். 3,600 சுற்றில் நிமிடத்துக்கு 1,800 இழுப்பு. சிலிண்டர் 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 163 சிசி இன்ஜினுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 235 லிட்டர் காற்று வேண்டும். 196 சிசிக்கு 282 லிட்டர், 212 சிசிக்கு 305, 389 சிசிக்கு 560.

163 சிசி இன்ஜினில் 14 மி.மீ. கழுத்து இருந்தால் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர். ஒற்றை சிலிண்டர் என்பதால் நேரத்தில் கால் பங்கு மட்டுமே இழுப்பு நடக்கிறது; அந்தக் கணத்தில் வேகம் 100 மீட்டரைத் தொடும். அதே இன்ஜினில் 18 மி.மீ. கழுத்தைப் போட்டால் அது 60 மீட்டருக்கு இறங்கிவிடும். இழுப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பெட்ரோலை இழுக்கும் பலம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டி நிற்கும். முழு ரேஸில் இது தெரியாமல் போகலாம். ஐடிலிங்கிலிருந்து ரேஸ் கொடுக்கும் அந்த ஒரு நொடியில் தெரியும்: இன்ஜின் தயங்கும், காற்று வடிகட்டி வழியே ‘புஸ்’ என்று திரும்ப அடிக்கும், கத்தி மண்ணில் இறங்கியதும் நின்றுவிடும். விவசாயி இதைப் ‘பிக்கப் இல்லை’ என்பார். மெக்கானிக் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகை, பெரிதாக்குவார். புகை வரும், பிக்கப் வராது.

கழுத்தும் ஜெட்டும் ஒரு ஜோடி என்பது கடைகளில் அடிக்கடி மறந்துபோகிறது. ஒரே கார்புரேட்டரை 196 சிசியிலிருந்து 212 சிசிக்கு மாற்றினால், இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும். கழுத்தில் வேகம் கூடும். பெட்ரோலும் அதே விகிதத்தில் கூடுதலாக வரும். கலவை ஏறத்தாழ அப்படியே இருக்கும். சிசி கூடியதற்காக மட்டும் ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. கழுத்தின் அளவு மாறினால்தான் ஜெட் மாற வேண்டும். பழைய ஜெனித் போன்ற டிராக்டர் கார்புரேட்டர்களில் கழுத்துக் குழாயைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். அதற்கும் எண் இருக்கும், ஜெட்டுக்கும் எண் இருக்கும், இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பார்கள். வீடர் கார்புரேட்டரில் கழுத்து உடம்போடு வார்க்கப்பட்டது. அதனால் அது கண்ணில் படுவதில்லை, ஜெட் மட்டுமே படுகிறது.

கழுத்தை இன்ஜினுக்கு ஒப்பிட எளிய வழி: சிசி விகிதத்தின் வர்க்கமூலம். 196 சிசியில் நன்றாக ஓடும் கழுத்து 14 மி.மீ. என்றால், 212 சிசிக்கு 14.6 போதும். இந்த வித்தியாசம் வயலில் தெரியாது. அதனால்தான் 170எஃப் வீடருக்கு 196 அளவுக் கழுத்தைத் தயங்காமல் போடலாம் என்கிறோம். 163 சிசிக்கு அதே கணக்கில் 12.8 வரும். இது தெரியக்கூடிய வித்தியாசம். 389 சிசிக்கு 19.7, இங்கே 14ஐ எப்படியாவது மாட்டினாலும் இன்ஜின் பாதித் திறனில் திணறும்.

பெரிய கார்புரேட்டர் போட்டால் பலம் கூடும் என்ற எண்ணமும் இருக்கிறது. பந்தய வண்டிக்கு அது சரி. வீடரில் சுற்று வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கிறது. 3,600 சுற்றை அதிகம் தாண்ட அது விடாது. அந்தச் சுற்றுக்கு வேண்டிய காற்றைச் சரியான அளவுக் கழுத்தே கொடுத்துவிடும். பெரிய துவாரத்தில், காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தட்டு ஒரு மயிரிழை அசைந்தாலும் காற்று வெகுவாக மாறும். கவர்னர் அதைப் பிடிக்க முடியாமல் மேலும் கீழும் துரத்தும். ‘வூம்… வூம்…’ என்று இன்ஜின் ஊஞ்சலாடும் சத்தம் கேட்டால் காரணங்களில் இதுவும் ஒன்று.

கையில் வந்ததும் அளக்க வேண்டியவை

விற்பவர்கள் ‘19 எம்.எம். கார்புரேட்டர்’ என்று சொல்வது பெரும்பாலும் இன்ஜின் பக்கத்து வாயின் அளவு, திராட்டில் தட்டு இருக்கும் இடம். கழுத்து அதைவிடச் சிறிது. காற்று வடிகட்டிப் பக்கத்திலிருந்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் சோக் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்ரோல் வெளிவரும் நாசில் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு முன்னால் அளக்க வேண்டும். வெர்னியர் உள்தாடை எட்டாவிட்டால் டிரில் பிட்டின் பின்கட்டையைப் பயன்படுத்தலாம்: 13 போகிறது, 14 போகவில்லை என்றால் விடை கிடைத்தது. பலவற்றில் கழுத்து வட்டமாக இருக்காது, நிமிர்ந்த முட்டை வடிவில் இருக்கும். அப்போது உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்து பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 15.6 உயரம், 12.8 அகலம் என்றால் அது ஏறக்குறைய 14 மி.மீ. வட்டத்துக்குச் சமம். பழைய கார்புரேட்டரையும் இதே முறையில் அளந்து பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டும் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் பிரச்சினையில்லை.

அடுத்தது மெயின் ஜெட். கிண்ணத்தின் அடியிலிருக்கும் 10 எண் போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் வரும்; நடுத்தூணுக்குள் பித்தளை ஜெட், அதற்கு மேலே பக்கவாட்டில் துளைகள் உள்ள நாசில் குழாய். இந்த இன்ஜின்களில் ஜெட் எண் பெரும்பாலும் துளை விட்டத்தைக் குறிக்கும்: 70 என்றால் 0.70 மி.மீ. விலை குறைந்த செட்டுகளில் எண்ணே இல்லாத ஜெட் வருவது சாதாரணம். எண் இல்லையென்றால் பழைய ஜெட்டைப் புதியதில் போட்டுவிடுவது நல்லது, ஆனால் கழுத்து ஒத்திருக்க வேண்டும், மரையும் நீளமும் ஒத்திருக்க வேண்டும். ஜெட்டை எடுக்கும்போது காடியின் முழு அகலத்துக்கும் உட்காரும் ஸ்குரூடிரைவரையே பயன்படுத்துங்கள். பித்தளை, ஒருமுறை வழுக்கினால் காடி போய்விடும்.

எண்ணில் சிறு மாற்றமும் பெரிய மாற்றம். 70ஐ 75 ஆக்கினால் பெட்ரோல் 7 சதவீதம் கூடும் என்று தோன்றும். துளையின் பரப்புதான் கணக்கு என்பதால் கூடுவது 15 சதவீதம். 80 ஆக்கினால் 31 சதவீதம். ஜெட்டை ஊசியாலோ டிரில்லாலோ குடைந்து பெரிதாக்குவதை ஒருபோதும் ஏற்க முடியாது. உள்சுவர் கரடாகிவிட்டால் எண் என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். ஜி.எக்ஸ்.160, 200 வகைக்கு 13.7 மி.மீ. கார்புரேட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து, பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசியான நீடிலை மிதவை தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில், உடம்பின் விளிம்பிலிருந்து மிதவையின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். பிளாஸ்டிக் மிதவையில் வளைத்துச் சரிசெய்ய நாக்கு இருக்காது; அளவு தவறினால் நீடிலையோ மிதவையையோ மாற்றத்தான் வேண்டும், அல்லது பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு கிண்ணத்தை மாட்டி, பெட்ரோல் நுழையும் குழாயில் வாயால் ஊதுங்கள். நேராகப் பிடித்தால் காற்று போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் நிற்க வேண்டும். தலைகீழாகவும் கசிந்தால் நீடில் சீட்டில் கோளாறு. அதை இன்ஜினில் மாட்டினால் இரவு முழுவதும் பெட்ரோல் வழிந்து சிலிண்டர் வழியே ஆயிலோடு கலந்துவிடும்.

திராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே தளதளவென்று ஆடினால் அந்த இடைவெளியில் காற்று புகும், ஐடிலிங் நிலைக்காது. உடம்பின் இரண்டு முகங்களையும் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

லீவர், சோக், காக்: தோற்றம் ஒன்று, வேலை வேறு

திருப்பி அனுப்ப வேண்டி வருவதில் பெரும்பகுதி கழுத்தால் அல்ல, லீவரால். திராட்டில் தண்டின் மேல் இருக்கும் கைக்குக் கவர்னர் ராடும் அதோடு ஓடும் மெல்லிய ஸ்பிரிங்கும் மாட்ட இரண்டு துளைகள் வேண்டும். அந்தக் கையின் கோணமும் துளையின் இடமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பம்புசெட் வகையில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் கார்புரேட்டரோடு சேர்ந்தே, அடியில் வண்டல் கிண்ணத்தோடு வரும். ஜெனரேட்டர் வகையில் காக் தனியாக டேங்க் பக்கம் இருக்கும். சோக் கம்பி நீளமாக வெளியே வரும். சிலவற்றில் கிண்ணத்தின் அடியில் மின்சாரத்தால் பெட்ரோலை நிறுத்தும் சோலினாய்டு இருக்கும். ஜெனரேட்டர் எப்போதும் ஒரே சுற்றில் ஓடுவது; வீடர் வரப்பில் திரும்பும்போது ஐடிலிங்குக்கு வந்து மீண்டும் ரேஸாக வேண்டும். இதனால்தான் ஒன்றை இன்னொன்றில் போடக் கூடாது.

பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பம்புசெட்டுகளின் கார்புரேட்டரும் பார்வைக்குப் பக்கத்தில் வரும். அதன் ஜெட் வேறு, இன்ஜினின் கம்ப்ரஷனும் வேறு. பழைய மண்ணெண்ணெய் பம்பு கிடக்கிறதே என்று வீடருக்கு எடுத்துப் போடாதீர்கள்.

மாட்டும் முறை

வரிசை இதுதான்: ஹெட், பேக்கிங், இன்சுலேட்டர் கட்டை, பேக்கிங், கார்புரேட்டர், பேக்கிங், காற்று வடிகட்டிக் குழல். மூன்று பேக்கிங்கும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. வடிகட்டிப் பக்கத்துக் கார்புரேட்டர் முகத்தில் சிறு துளைகள் இருக்கும். கிண்ணத்துக்கு மூச்சு விடுவதும், ஜெட்டுகளுக்குக் காற்று கொடுப்பதும் அவையே. அங்கே தவறான பேக்கிங்கைப் போட்டு அவற்றை மூடினால், கலவை கெடும் அல்லது கிண்ணத்தில் பெட்ரோல் இறங்காமல் சில நிமிடம் ஓடி நின்றுவிடும். பெட்டியில் வரும் பேக்கிங்கைப் பழையதன் மேல் வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லையென்றால் பழையதன் அளவில் தாளில் வெட்டிக்கொள்ளுங்கள். பேக்கிங்குக்குப் பதில் சிலிக்கான் பசை தடவுவது வேண்டாம். பெட்ரோல் பட்டு அது உப்பிப் பிய்ந்து ஜெட்டில் போய் உட்காரும்.

இன்சுலேட்டர் கட்டை வெப்பத்தைக் கார்புரேட்டருக்கு ஏறவிடாமல் தடுப்பது. நட்டை வெறித்தனமாக முறுக்கினால் கட்டை வெடிக்கும். 10 எண் ஸ்பேனரைக் குட்டையாகப் பிடித்து, இரண்டு பக்கமும் மாறி மாறி, கை பலத்துக்கு இறுக்கினால் போதும்.

பெட்ரோலைத் திறக்கும் முன் திராட்டில் கையை முழுத் திறப்பிலிருந்து ஐடிலிங் நிறுத்தம் வரை ஆட்டுங்கள். எங்கும் சிக்காமல், கவர்னர் ராடோடு சேர்ந்து, தானாகத் திரும்ப வேண்டும். ராட் கழன்றாலோ சிக்கினாலோ ஸ்டார்ட் ஆன உடனே இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் ரேஸாகும். முதல் ஸ்டார்ட்டின்போது நிறுத்தும் சுவிட்சின் மேல் ஒரு கை இருக்கட்டும்.

டியூனிங்

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் மற்றவற்றைச் சரியாக்குங்கள். இன்டேக் வால்வு இடைவெளி 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ., குளிர்ந்த இன்ஜினில். பிளக் பி.பி.ஆர்.6.இ.எஸ். வகை, இடைவெளி 0.7 முதல் 0.8. வால்வு இறுக்கமாக இருக்கும் இன்ஜினில் எந்தக் கார்புரேட்டர் மாட்டினாலும் ஐடிலிங் வராது. பழி புதுக் கார்புரேட்டர் மேல் விழும்.

பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஐடிலிங்கை 1,400 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் பைலட் ஸ்குரூ இருந்தால் அதைத் திருப்பி அதிகச் சுற்று கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்தி, ஐடிலிங் ஸ்குரூவால் மீண்டும் 1,400க்கு இறக்குங்கள். சுமையில்லாத முழு ரேஸ் 3,850ஐ ஒட்டி நிற்க வேண்டும்; அதைத் தாண்டிக் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து வைத்தால் கனெக்டிங் ராடுக்கு ஆபத்து. பிளக் கம்பியில் சுற்றிச் சுற்று வேகத்தைப் பார்க்கும் டாக்கோமீட்டர் மலிவாகக் கிடைக்கிறது, காதை நம்ப வேண்டாம்.

மெயின் ஜெட் சரியா என்று பார்க்கச் சுமை வேண்டும். கத்தியை மண்ணில் இறக்கி முழு ரேஸில் ஓட்டும்போது சோக்கை மெதுவாகப் பாதி மூடுங்கள். இன்ஜின் பலம் பெற்றால் கலவை மெலிந்திருக்கிறது. ஜெட்டை ஒரு எண் கூட்டலாம். திணறிக் கறுப்புப் புகை வந்தால் ஜெட் போதும், சில சமயம் அதிகம். பிறகு சுமையில் ஓடும்போதே சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: மங்கிய பழுப்பு நல்லது, சுண்ணாம்பு வெள்ளை மெலிவு, கரித்தூள் கறுப்பு அதிகம். ஐடிலிங்கில் சும்மா ஓடவிட்டு எடுத்த பிளக்கின் நிறம் மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

சுமையில்லாமல் ஊஞ்சலாடினால் ஜெட்டைத் தொடாதீர்கள். முதலில் இன்சுலேட்டர் பக்கம் தண்ணீரைப் பூத்தூறலாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. மாறவில்லையென்றால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டில் அடைப்பு. இந்த வகையில் பைலட் ஜெட் பிளாஸ்டிக், ஐடிலிங் ஸ்குரூவின் அடியில் ஒரு சிறு ரப்பர் வளையத்தோடு செருகியிருக்கும். ஸ்குரூவைக் கழற்றிவிட்டு மெல்ல நெம்பி எடுக்கலாம். அதன் துளை மயிரிழை அளவு. மின்கம்பியில் ஒற்றைச் செம்பு இழையை உருவி அதனால் சுத்தம் செய்யுங்கள், இரும்பு வேண்டாம்.

உண்மையில், கார்புரேட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று வருகிற வீடர்களில் நிறைய இந்த ஒரு துளை அடைத்தவைதான். கழுத்து தேயாது. தண்டு ஆடினால், மரை போனால், உடம்பு அரித்தால், அப்போதுதான் புதியது தேவை.

இ20 பெட்ரோல், மலைப்பகுதி

2023இல் வரத் தொடங்கிய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) இப்போது பங்க்குகளில் சாதாரணமாகிவிட்டது. எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். ஆகவே அதே ஜெட்டில் எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் கலவை 8 சதவீத அளவுக்கு மெலிகிறது, இ10 உடன் ஒப்பிட்டால் 4 சதவீதம். ஜெட் கணக்கில் 70 என்பது 72 ஆனால் போதும். ஹோண்டா இந்த இன்ஜின்களுக்கு 10 சதவீதம் வரை எத்தனால் என்றுதான் கையேட்டில் சொல்லியிருக்கிறது. மெலிவைவிடப் பெரிய தொல்லை ஈரம். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். கிண்ணத்தில் தேங்கினால் துத்தநாகக் கலவை உடம்பு வெள்ளைப் பொடியாகப் பூக்கும். மலிவான செட்டுகளின் நீடில் முனை ரப்பரும் ஓ-ரிங்கும் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெட்டியில் உறுதி எதுவும் கிடையாது.

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேரட், உருளைக்கிழங்கு வயல்களில் ஓடும் வீடர்களுக்கு அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஜெட் அங்கே 12 சதவீதம் அதிகப் பெட்ரோல் கொடுக்கும். 70க்குப் பதில் 66ஐ ஒட்டிய எண் வேண்டும். 1,500 மீட்டருக்கு மேல் எப்போதும் ஓட்டுவதானால் ஜெட்டை மாற்றச் சொல்லி ஹோண்டாவும் சொல்கிறது. ஆனால் இ20 மெலிவு இதில் ஒரு பகுதியைச் சமன் செய்துவிடுவதால், இன்றைய பெட்ரோலில் 68 போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. ஜெட்டைச் சரிசெய்தாலும் திறன் இழப்பு போகாது. 300 மீட்டருக்கு 3.5 சதவீதம் என்பது கையேட்டுக் கணக்கு, உதகையில் அது கால் பங்கு. அந்த இழப்பை ஈடுகட்டப் பெரிய கார்புரேட்டர் தேடாதீர்கள். உழும் ஆழத்தைக் குறையுங்கள், அல்லது வாங்கும்போதே 212 சிசி வாங்குங்கள்.

ஆர்டர் போடும் முன்

பழையதைக் கழற்றி நான்கு படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள்: மேலிருந்து திராட்டில் கை தெரியும்படி, சோக் லீவர் பக்கம், காக் பக்கம், வடிகட்டி முகத்தின் துளைகள். ‘வென்சுரி எவ்வளவு, ஜெட் எண் என்ன’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் திரும்பப் பெறும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். அளப்பதற்குக் கிண்ணத்தைக் கழற்றும்போது பேக்கிங்கில் பெட்ரோல் படாமல் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

புதியதை மாட்டிய பிறகு பழையதன் ஜெட், நாசில், மிதவை, கவர்னர் கைத் திருகு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, அளந்த எண்களை மேலே எழுதி வையுங்கள். பருவம் முடிந்து வீடரை நிறுத்தும்போது காக்கை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் பக்கவாட்டு டிரெயின் போல்ட்டைத் திறந்து மீதியை வடித்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் மீண்டும் ஐநூறு ரூபாய் செலவழிக்க நேராது.